பினாயில் கேன்

பாளையங்கோட்டையில் அண்ணனின் கை நடுக்கத்துக்கு வெகுகாலமாக 'நரம்புத் தளர்ச்சி' என்றே பெயர். கல்லீரலுக்குத் தனி டாக்டர், தனி ஃபைல். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஓர் இளம் கண் மருத்துவர்தான் ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்துவிட்டு, கருவிழியின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் ஓடுவதைச் சொன்னார். 51 வயதில் வில்சன் நோய் என்ற சந்தேகம்! உடம்பு செம்பை வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படியும் நோய். பெரும்பாலும் 35 வயதுக்குள் தலைகாட்டிவிடும் நோய் இது. நான் இருக்கும் லண்டனில் என்றால் ஜி.பி. எனும் குடும்ப டாக்டர் கடிதம் எழுதி, நிபுணர் தேதி கொடுப்பதற்குள் என் விடுமுறை முடிந்திருக்கும். இங்கே மறுநாளே ரத்தம் எடுத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் ஊரைப் பாராட்டி எழுதியிருப்பேன்.

24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு செம்பு வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக்கூடத்துக் கவுண்டரில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நீட்டினார்கள். மூடியைத் திறந்தால் பினாயில் வாடை. பாதி கிழித்த லேபிள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "கழுவினதுதான் சார். எல்லாரும் இதில்தான் கொண்டுவருகிறார்கள்" என்றார் அந்தப் பெண். மைக்ரோகிராம் கணக்கில் அளக்கும் சோதனை அம்மா இது! பாத்திரத்தில் துளி உலோகம் ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். முதல் நாள் காலையின் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீரைச் சேர்க்க வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. லண்டனில் புது பாட்டிலோடு அச்சடித்த தாள் ஒன்றும் தருவார்கள். வாக்குவாதம் முற்றி, உள்ளேயிருந்து மேலாளர் வந்த பிறகு அமிலத்தில் கழுவிய பாட்டில் எங்கிருந்தோ முளைத்தது. இருப்பதை முதலிலேயே தந்தால் என்ன?

முடிவு சந்தேகத்தை உறுதிசெய்தது: ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் மிகக் குறைவு, சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மதினி அன்றே அடுக்களையிலிருந்த செப்புக் குடத்தைப் பரணில் ஏற்றினார். உடம்புக்கு நல்லது என்று அண்ணன் இரவெல்லாம் ஊறவைத்துக் குடித்த தண்ணீர்! நோய் அதனால் வந்ததல்ல, செம்பை வெளியேற்றும் ஏ.டி.பி.7பி மரபணு அம்மா, அப்பா இரு பக்கமிருந்தும் பழுதாக வந்ததால் வந்தது. அம்மா அப்பாவுக்கு அக்கா மகள். நெருங்கிய சொந்தத்தில் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம்; எங்கள் பக்கத்தில் அப்படிக் கல்யாணம் சாதாரணம்.

கூடப் பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாம். நான் ரத்தம் கொடுத்துவிட்டேன். தங்கைதான், "எனக்குக் கை நடுங்கவில்லையே அண்ணா" என்று தட்டிக் கழிக்கிறாள்.