ரெண்டு சென்சார் மாற்றியும் அணையாத செக் இன்ஜின் லைட்: காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ஒரு பெட்ரோல் காரில் பி0135, பி0141 என்று ரெண்டு கோடும் (ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு) ஒன்றாக வந்தன. வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிய கையோடு "ரெண்டு ஓ2 சென்சாரும் (எக்ஸாஸ்ட் புகையில் ஆக்சிஜனை அளப்பவை) போச்சு" என்று சொல்லி, ஜோடியாக மாற்றி, கோடை அழித்துக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டே நாளில் லைட் திரும்ப வந்தது. அடுத்த எஸ்டிமேட் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு-வுக்கு! உண்மையில் போயிருந்தது ஒரு ஃபியூஸ். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டு உருகிய வயர் பாடியில் ஷார்ட் ஆகி அதை ஊதியிருந்தது.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. ரெண்டுக்குள்ளும் அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்கும். பி0135 முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். பி0141 பின் சென்சாருடையதை. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்ததுதான். ரெண்டு ஹீட்டரும் ஒரே நாளில் சாவது அபூர்வம். பல வண்டிகளில் ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான், அதனால் முதலில் கை போகவேண்டிய இடம் ஃபியூஸ் பாக்ஸ்.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜின் ஆறியபின் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருடையவை (பெரும்பாலும் வெள்ளை, டென்சோவில் கறுப்பு). சென்சார் பக்கம் சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஓப்பன் (உள்ளே இணைப்பு அறுந்த நிலை) காட்டினால் செத்தது. வண்டிப் பக்கக் கனெக்டரில், இன்ஜின் ஓடும்போது ஒரு பின்னில் 12 வோல்ட்டாவது வரவேண்டும். வராவிட்டால் எத்தனை புது சென்சார் போட்டாலும் லைட் அணையாது.

பி0171 வந்தால் இன்னும் சுலபமாக ஏமாற்றுவார்கள். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்கிறது, சொன்னவனையே மாற்றிவிடுகிறார்கள். ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம்மை, அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஐடிலில் பிளஸ் 20 இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்குவம் லீக் (இன்ஜினுக்குள் போகும் வழியில் காற்றுக் கசிவு). வேகம், லோடு கூடக்கூட ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள். முன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே கோடைக் கிளப்பும்.

சாதாரண ஜிர்கோனியா சென்சார் நல்லதாக இருந்தால், இன்ஜின் சூடான பிறகு முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்கும். பின் சென்சார் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் கேட்டலிடிக் கன்வர்ட்டர்மேல் சந்தேகப்படலாம். ஏ/எஃப் எனப்படும் வைட்பேண்ட் சென்சார் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நிஜமாகவே மாற்றவேண்டி வந்தால், வயரை வெட்டி ஒட்டும் 'யுனிவர்சல்' சென்சார் வேண்டாம். உங்கள் வண்டியின் கனெக்டரோடு வருவதைக் கேளுங்கள். பல சென்சார்கள் வயர் வழியாகத்தான் வெளிக்காற்றை எடுக்கின்றன, சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பேஸ்ட்) மரையில் மட்டும், முனையில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. பக்கத்தில் சாதா சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட் தடவினால், அதன் ஆவியே புது சென்சாரைக் கெடுத்துவிடும்.

கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நேரத்தில் பதிவான இன்ஜின் அளவுகள்) போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழித்தால் அதுவும் போய்விடும். பழைய சென்சாரைக் கையில் வாங்கி, அங்கேயே ஓம்ஸ் பாருங்கள்.