குழுவுக்கு ஆள் சேர்க்கும் திரை: மின்னஞ்சல் பெட்டியா, பகிரும் இணைப்பா, தொலைபேசி இலக்கமா?

திருகோணமலைக் கடற்கரையில் சுற்றுலாப் பருவம் ஏப்ரல், மே மாதங்களில் சூடுபிடித்து, செப்டெம்பருக்குப் பின்னர் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி கடலைக் குழப்பத் தொடங்கும்போது அடங்கிவிடும். உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகளும், புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு உரிமையாளர்களும், சுழியோடல் நிலையங்களும் இந்தச் சில மாதங்களுக்குள் ஆள் எடுத்து, வேலை பழக்கி, பருவம் முடிந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுகின்றன. அப்படி வேலை பார்த்தவர்களுள் பலர் அடுத்த பருவத்துக்குத் தென் கரைக்குப் போய்விடுகிறார்கள். இத்தகைய தொழில்களுக்கான முன்பதிவு மென்பொருள் ஒன்றில், குழுவுக்கு ஆட்களை அழைக்கும் திரை என்பது எப்போதோ ஒருமுறை திறக்கப்படும் அமைப்புப் பக்கம் அல்ல. பருவத் தொடக்கத்தில் உரிமையாளர் மிக அதிகமாகத் தொடும் திரை அதுவே. அதைப் புதிதாக வடிவமைப்பதற்கு முன்வைக்கப்படும் தெரிவுகளை ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம்.

பெரும்பாலான மென்பொருள்களில் இத்திரை ஒரே மாதிரியாகவே இருக்கிறது: ஒரு மின்னஞ்சல் பெட்டி, அதன் அருகே பொறுப்பைத் தெரிவுசெய்யும் கீழிறங்கு பட்டியல், கீழே ‘அனுப்புக’ என்னும் பொத்தான். இதற்குப் போட்டியாகப் பகிரும் இணைப்பு, தொலைபேசி இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி, கியூஆர் குறியீடு அல்லது சிறு சேர்க்கைக் குறியீடு என மூன்று வழிகள் உள்ளன. எது விரைவானது, எது அழகானது என்று கேட்பதைவிட, வந்து சேருபவர் நாம் நினைத்த ஆள்தானா என்பதை யார், எந்தக் கட்டத்தில் சரிபார்க்கிறார் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் எண்ணம். நான்கு வழிகளும் அந்த ஒரு வேலையைத்தான் வெவ்வேறு ஆட்களின் தலையில், வெவ்வேறு நேரங்களில் சுமத்துகின்றன.

மின்னஞ்சல் பெட்டி

மின்னஞ்சல் வழி சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. முகவரியை அழைப்பவரே எழுதுகிறார். அந்த அஞ்சற்பெட்டியைத் திறக்கக்கூடியவர் மட்டுமே உள்ளே வர முடியும். யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பதிவும் தெளிவாக எஞ்சும். நிரலாளர்கள் தம் குறிமுறையை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு நிறுவனக் கணக்குக்கு அனுப்பப்படும் அழைப்பு 7 நாட்களில் காலாவதியாகிவிடுவதால், மறந்துபோன அழைப்பு ஒன்று மாதக்கணக்கில் திறந்த கதவாகக் கிடப்பதில்லை. கணக்காளர், கொழும்பிலிருக்கும் பயண முகவர், வரி விடயங்களைப் பார்ப்பவர் ஆகியோருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

படகோட்டிக்கும் சமையற்காரருக்கும் இதே வழி பொருந்துவதில்லை. ஆண்ட்ரொய்ட் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் பெரும்பாலும் ஒரு ஜீமெயில் முகவரி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொலைபேசிக் கடைக்காரரோ வீட்டில் படிக்கும் பிள்ளையோ திறந்து கொடுத்திருப்பார்கள், உரியவருக்கு அந்த முகவரி நினைவில் இராது, அந்த அஞ்சற்பெட்டியை அவர் ஒருபோதும் பார்த்திருக்கவும் மாட்டார். இரண்டு முகவரிகள் உள்ளவர்களிடத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது: அழைப்பு ஒரு முகவரிக்கு வருகிறது, கைத்தொலைபேசியோ இன்னொரு கணக்கால் உள்நுழைந்திருக்கிறது, திரையில் ‘இந்த அழைப்பு உங்களுக்குரியதல்ல’ என்ற வரி மட்டும் தோன்றுகிறது. எந்த முகவரிக்கு அழைப்பு வந்தது, இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள், எதை மாற்ற வேண்டும் என்ற மூன்றையும் அந்த இடத்திலேயே சொல்லாத திரையால், அழைக்கப்பட்டவர் வேறு வழியின்றி முதலாளிக்குத் தொலைபேசி எடுக்கிறார்.

மின்னஞ்சலையே வைத்துக்கொள்வதானாலும் செய்ய வேண்டிய திருத்தங்கள் சில உள்ளன. பலரை ஒரே தடவையில் அழைப்பதற்கு உலாவியின் ஒற்றைவரி மின்னஞ்சல் பெட்டியை நம்பக் கூடாது. பல முகவரிகளை ஏற்கும் பண்பை அதற்குக் கொடுத்தாலும், காற்புள்ளியால் பிரிக்கப்பட்டவற்றையே அது ஏற்கும். எக்செல் தாளிலிருந்து வரிக்கு ஒன்றாக ஒட்டப்படும் முகவரிகளிலோ வரி முறிவுகள் நீக்கப்பட்டு, எல்லாம் ஒரே நீண்ட பிழையான முகவரியாக ஒட்டிக்கொண்டுவிடும். பன்வரிப் பெட்டி ஒன்றில் இடைவெளி, வரி முறிவு, அரைப்புள்ளி, காற்புள்ளி ஆகிய எதையும் பிரிப்பானாக ஏற்று, சரியானவற்றை அனுப்பிவிட்டுப் பிழையானவற்றை மட்டும் அதே பெட்டியில் விட்டுவைப்பது நல்லது. இருபது முகவரிகளுள் ஒன்று பிழை என்பதற்காக இருபதையும் திருப்பி அனுப்பும் திரைகள் இன்னமும் இருக்கின்றன என்பது வியப்புக்குரியது. மேலும், சில நிறுவனங்களின் மின்னஞ்சல் பாதுகாப்புக் கருவிகள் அஞ்சலுக்குள் இருக்கும் இணைப்புகளைத் தாமே முன்கூட்டித் திறந்து சோதிக்கும். இணைப்பைத் திறந்ததுமே அழைப்பு ஏற்கப்பட்டதாகக் கொள்ளும் வடிவமைப்பில், உரியவர் வருவதற்கு முன்பே அந்த அழைப்பு செலவாகிவிடும். ஆகவே இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும், அந்தப் பக்கத்தில் உள்ள ‘சேருகிறேன்’ என்ற பொத்தானே அழைப்பை ஏற்க வேண்டும். அஞ்சல் போய்ச் சேர்வதும் தானாக நடப்பதல்ல: 2024 பெப்ரவரி முதல் ஜீமெயில், அஞ்சல் உரிய இடத்திலிருந்துதான் வருகிறதா என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதிப்படுத்தலை எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது, நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோரிடம் அவை இரண்டோடு, அவை தவறும் அஞ்சலை என்ன செய்வது என்று அறிவிக்கும் டிமார்க்கையும் கேட்கிறது. சிறு நிறுவனங்களின் மென்பொருள்கள் பல இதைக் கவனியாமல் விட்டு, அழைப்பு வரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு ‘ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்’ என்றே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பகிரும் இணைப்பு

இந்தக் கரையில் வேலைக்குச் சேரும் எவரும் முதல் நாளிலேயே வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்க்கப்பட்டுவிடுகிறார். மென்பொருள் ஓர் இணைப்பை உருவாக்கித் தந்தால், உரிமையாளர் அதை அந்தக் குழுவில் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எவருடைய முகவரியையும் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. வேகத்தில் வேறு எந்த வழியும் இதன் அருகே வர முடியாது.

ஆனால், இணைப்பு யாரை அடையாளம் காண்கிறது? எவரையும் அல்ல; கையில் வைத்திருப்பவரை அது உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். வட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு இணைப்புகள் பொது இணையப் பக்கங்களில் பகிரப்பட்டதால் அவை கூகுள் தேடலில் அகப்படுகின்றன என்பது 2020 பெப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. இணைப்பால் வருவோரை நிர்வாகி ஏற்றுக்கொண்ட பின்னரே சேர்க்கும் வசதியை வட்ஸ்அப் 2023இல் அளித்தது. விளையாட்டாளர்களிடையே பரவலான அரட்டைச் செயலியான டிஸ்கோர்ட் வேறொரு பக்கத்திலிருந்து அதே சிக்கலை அணுகுகிறது: அழைப்பு இணைப்பு இயல்பாக 7 நாட்களில் காலாவதியாகும், அதை 30 நிமிடமாகக் குறுக்கவும் முடிவற்றதாக நீட்டவும் முடியும், எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று 1 முதல் 100 வரையான வரம்பையும் இடலாம். விளையாட்டு அரட்டைக்கு இது போதும். வெளிநாட்டுப் பயணிகளின் கடவுச்சீட்டு விபரங்கள் கிடக்கும் முன்பதிவு மென்பொருளுக்குக் காலாவதி மட்டும் போதாது, ஏனெனில் குழுவில் ஒட்டப்பட்ட இணைப்பை, சென்ற பருவத்தில் வேலையை விட்டுப் போனபோது அக்குழுவிலிருந்து நீக்கப்படாத ஒருவர் அதே நிமிடத்தில் பார்க்கிறார். எனவே இணைப்பு வழியைத் தெரிவுசெய்பவர் அதனுடன் ஒப்புதலையும் சேர்த்தே தெரிவுசெய்ய வேண்டும்: இணைப்பைத் தட்டியவர் தம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துக் காத்திருப்பார், உரிமையாளர் பார்த்து ‘ஆம்’ என்ற பின்னரே உள்ளே வருவார்.

ஒப்புதலுக்கும் ஒரு விலை உண்டு. திமிங்கிலம் பார்க்கும் படகுகள் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. உரிமையாளரே படகில் போனால், கரையிலிருந்து விலக விலகத் தொலைபேசி அலையும் கைவிட்டுவிடும். புதிதாக வந்த வரவேற்பு மேசைக்காரர் மதியம் வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒப்புதல் அளிக்கும் உரிமையைக் குறைந்தது இரண்டு பேருக்குக் கொடுக்கும்படி திரை வற்புறுத்த வேண்டும் என்பதும், காத்திருப்பவருக்குத் ‘தற்போது இன்னாரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறீர்கள்’ என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதும் இதனால் எழும் தேவைகள்.

தொலைபேசி இலக்கம்

முதற்பார்வையில் எமது நாட்டுக்கு மிகவும் இயல்பான வழி இதுவே. இலக்கம் எல்லோரிடமும் உண்டு, உரிமையாளரின் கைத்தொலைபேசியில் அது ஏற்கெனவே சேமிக்கப்பட்டும் இருக்கிறது. மின்னஞ்சலைப் போலவே சரிபார்ப்பும் முன்கூட்டியே நடக்கிறது. ஆயினும் செலவையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இதன் கவர்ச்சி குறைகிறது.

ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துக்குறிகளைத் தாங்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் அந்த அளவு 70ஆகச் சுருங்குகிறது, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 வீதம் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் விழும். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அதைவிடவும் குறைவு. அதற்குள் விடுதியின் பெயரும் இணைப்பும் அடங்க வேண்டும். இலக்கத்தை மக்கள் எழுதும் விதமும் பலவகை: 077 என்று தொடங்குவார்கள், +94 இடுவார்கள், 0094 இடுவார்கள், நடுவில் இடைவெளி விடுவார்கள். எல்லாவற்றையும் ஏற்று ஒரே வடிவுக்கு மாற்றுவது திரையின் கடமை. 026 என்று தொடங்கும் திருகோணமலை நிலையான தொலைபேசி இலக்கத்தை எவரேனும் இட்டால், குறுஞ்செய்தி போய்ச் சேராது என்பதை அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தொடர்புப் பட்டியல் முழுவதையும் வாசிக்க அனுமதி கேட்கும் ‘வசதி’யை நான் முற்றாக நிராகரிக்கிறேன். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், மூன்று பேரை அழைப்பதற்காக உறவினர், மருத்துவர், மீன் வாடிக்காரர் எல்லோரது இலக்கங்களையும் சேவையகத்துக்கு ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கியூஆர் குறியீடும் சிறு குறியீடும் நேருக்கு நேர் நிற்பவரைச் சேர்ப்பதற்கு நல்லவை. உண்மையில் அவை பகிரும் இணைப்பின் மாற்று உடைகள் மட்டுமே, ஆகவே ஒப்புதல் அவற்றுக்கும் வேண்டும். சிறு குறியீட்டை இலக்கங்களால் மட்டும் ஆக்கினால் ஆறு இடங்களுக்கு 10 இலட்சம் சேர்க்கைகளே உண்டு; குழப்பம் தரும் எழுத்துகளை நீக்கிய 32 குறிகளைக் கொண்டு ஆக்கினால் அதே ஆறு இடங்கள் 107 கோடிக்கு மேல் தரும். சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கம் வந்துவிடும் என்பதால் இவற்றின் ஆயுளை ஒரு நாளுக்கு மேல் நீட்டக் கூடாது.

பொறுப்பை எப்போது கொடுப்பது?

வழியைப் பற்றிய வாதத்தில் மறைந்துபோகும் இன்னொரு போட்டியே எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது: பொறுப்பை அழைக்கும்போதே தெரிவுசெய்வதா, ஒப்புதலின்போது தெரிவுசெய்வதா என்பது. அழைக்கும்போது தெரிவுசெய்தால் ஒரு படி மிச்சம். ஆனால் பத்துப் பேரை ஒன்றாக ஒட்டும்போது பத்துப் பேருக்கும் ஒரே பொறுப்பு விழுகிறது, அவசரத்தில் அது ‘நிர்வாகி’யாகவும் விழுகிறது. ஒப்புதலின்போது தெரிவுசெய்தால், ஒரு பெயரைப் பார்த்துக்கொண்டே அந்த ஒருவருக்கான முடிவை எடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் தம் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமையே இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே தங்கள் கட்டுரையில் வகுத்துவிட்டார்கள். அழைப்புத் திரைகளில் முன்கூட்டியே தெரிவாகியிருக்கும் பொறுப்பு மட்டும் இன்னமும் அதற்கு மாறாக இருப்பதுண்டு. ‘உறுப்பினர்’, ‘தொகுப்பாளர்’ என்ற வெறும் பெயர்களுக்குப் பதிலாக, ‘இன்றைய படகுப் பட்டியலை மட்டும் பார்ப்பார்’, ‘பயணிகளின் கடவுச்சீட்டு விபரங்களையும் பார்ப்பார்’, ‘பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும்’ என்று எழுதிவிட்டால் உரிமையாளர் தயங்க வேண்டிய இடத்தில் தயங்குவார்.

மொழி குறித்து ஒன்று. உரிமையாளர் ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறார் என்பதற்காக அழைப்பும் ஆங்கிலத்திலேயே போவது திருகோணமலைக்குப் பொருந்தாது. சேரும் பக்கத்தின் உச்சியிலேயே மூன்று மொழிகளும் தெரிவுக்கு இருக்க வேண்டும். தமிழ் வாசகம் நீளும் என்பதால் பொத்தானின் அகலத்தைக் கட்டிவைக்காமல், வரி மடிய இடம் விட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒப்புதலுடன் கூடிய பகிரும் இணைப்பையே முதல் வழியாக வைத்து, மின்னஞ்சலை அதன் கீழே இரண்டாம் வழியாக வைப்பேன்; குறுஞ்செய்தியை முதற் பதிப்பில் சேர்க்க மாட்டேன். காத்திருப்போர் பட்டியலை வேறொரு தாவலில் ஒளிக்காமல் அதே திரையில், இணைப்புக்கு மேலேயே காட்டுவேன், ஏனெனில் இந்த வடிவமைப்பில் உரிமையாளர் அங்கு வருவதன் பிரதான காரணம் அனுப்புவதல்ல, ஏற்பதுதான். இணைப்பின் இயல்பான ஆயுள் 7 நாட்கள். ‘இப்போதே மூடுக’ என்ற பொத்தான் அதன் அருகே. கணக்குகளைப் பொறுத்தவரை, பருவகாலப் பணியாளருக்கு ஒப்புதலளிக்கும்போதே முடிவுத் திகதி ஒன்றையும் கேட்பேன். மாகாண அமைச்சு அலுவலகம் போன்று, எல்லோருக்கும் அலுவலக மின்னஞ்சல் முகவரி இருந்து, அதை அன்றாடம் திறந்தும் பார்க்கும் இடமாக இருந்தால் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கி, மின்னஞ்சலை மேலே வைத்து, பகிரும் இணைப்பை இயல்பாகவே அணைத்து வைப்பேன்.