நீர் வழிந்த கண் உலர்ந்த கண் என்று தெரிந்தபின்: சர்க்கரை நோயுடன் நான்கு ஆண்டுச் சொட்டு மருந்து அனுபவம்

கண் உலர்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிகிறது என்ற முறையீட்டோடுதான் அவரிடம் போயிருந்தேன். கண்ணின் மேற்பரப்பு காய்ந்தால் அந்த எரிச்சலில் நீர் பெருக்கெடுக்கும் என்றும், எண்ணெய்ப் பசை போதாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் இறங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். சர்க்கரை நோய் வந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. விழித்திரை பாதிக்கப்படும் என்பதை அறிந்திருந்தேனே தவிர, கண்ணீருக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டென்று அதுவரை அறிந்ததில்லை.

முதலில் பஞ்சின் நுனியைத் திரித்து, அந்த இழையால் கார்னியாவை, அதாவது கருவிழியை மூடிய முன்புறத் தெளிந்த படலத்தை, மெல்லத் தொட்டார். வழக்கமாக யாரும் சட்டென்று இமையை மூடிவிடும் அந்தத் தொடுகை எனக்கு ஏதோ தூரத்தில் நடப்பது போல மட்டுமே தெரிந்தது. அடுத்து, ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903-இல் விவரித்த சோதனை. அளவு குறிக்கப்பட்ட மெல்லிய தாள் பட்டையின் முனையை மடித்துக் கீழிமைக்குள் செருகி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகப் போதுமானது, 5-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. என் வலக்கண் 4, இடக்கண் 6. கண்ணில் நிறமிச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, இமைத்த நான்காவது நொடியிலேயே கண்ணீர்ப் படலம் உடைந்தது. அது பத்து நொடியாவது தாங்க வேண்டும்.

அளவு இவ்வளவு மோசமாக இருந்தும் நான் பெரிதாக அவதிப்படவில்லை என்பதுதான் கவலைக்குரிய செய்தி என்றார் மருத்துவர். உடலிலேயே மிக நெருக்கமாக நரம்பு முனைகள் அமைந்த இடங்களில் கார்னியாவும் ஒன்று. நீண்ட நாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, காலில் மரமரப்பை உண்டாக்குவது போலவே இந்த நுண்ணிய நரம்புகளையும் மழுங்கச் செய்கிறது. அவை மழுங்கினால், நீர் சுரக்கச் சொல்லிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் கட்டளை குறைகிறது, இமைப்பதும் குறைகிறது, உறுத்தலும் தெரியாமல் போகிறது. கண்ணீரைக் கண்ணில் ஒட்டவைக்கும் சளியைத் தரும் செல்களும், ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைத் தரும் இமை விளிம்பின் மெய்போமியன் சுரப்பிகளும்கூடப் பழுதடையலாம். இத்தனையும் சேர்ந்த கண்ணில் சிறு கீறல் விழுந்தால் ஆறவும் தாமதமாகும்.

இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் முதல் எட்டு மாதங்களை வீணாக்கினேன். பாட்டிலில் வரும் செயற்கைக் கண்ணீரான 0.5 சதவீதக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மருந்தை, உறுத்தியபோது மட்டும் விட்டேன். உறுத்தாத நாளில் ஒருமுறைகூட இல்லை. உறுத்திய நாளில் எட்டு முறை. மழுங்கிப்போன நரம்பின் பேச்சைக் கேட்டு மருந்து விட்டால் வேறென்ன நடக்கும்? கண் சிவந்தது. அதற்கென நானாகவே வாங்கி விட்ட சிவப்பு நீக்கும் சொட்டு மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வகையைச் சேர்ந்தது; விட்ட ஒரு மணி நேரம் கண் வெளுத்து, பிறகு முன்னைவிட அதிகமாகச் சிவந்தது. அதை மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். பாட்டில் மருந்தில் கிருமி வளராதிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும், அடிக்கடி விடும்போது கண்ணின் மேற்பரப்பை அரிக்கக்கூடியது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு, பாதுகாப்பு வேதிப்பொருள் சேராத, ஒருமுறைப் பயன்பாட்டுக் குப்பிகளில் வரும் சோடியம் ஹயலுரோனேட் என்ற செயற்கைக் கண்ணீருக்கு மாறினேன். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அதுவே தொடர்கிறது. குப்பியின் தலையைத் திருகியபின் அதன் விளிம்பு கூராக இருக்கும். உணர்வு குறைந்த கண்ணில் அது பட்டாலும் தெரியாது என்பதால், கண்ணாடி முன் நின்று, இமையைக் கீழே இழுத்து, விரற்கடை தூரத்திலிருந்தே விடுகிறேன். முதல் சொட்டை வெளியே விட்டுவிடுவது நல்லது. படுக்கையில் சாய்ந்தபின் ஜெல் மருந்து. பார்வையை மங்கச் செய்வதால் அதைப் பகலில் விட முடியாது. விழிக்கும்போது இமை ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஜெல்லால்தான் நின்றது.

இமைச் சுரப்பிகளில் உறைந்த எண்ணெயை இளக்க வைக்கும் வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விரல் நுனிகளிலும் எனக்கு மரமரப்பு உண்டு. கையால் தொட்டு இதமான சூடு என்று நினைத்த துணி, இமைத்தோலில் இரண்டு நாள் சிவப்புத் தழும்பாக நின்றது. இப்போது முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணுக்குக் கொண்டுபோகிறேன். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுவதால், சூடாக்கிக் கட்டிக்கொள்ளும் மணி நிரப்பிய கண்பட்டையே மேல். பத்து நிமிடம் வைத்து, இமை விளிம்பை மெல்ல நீவினால், தொடக்கத்தில் பற்பசை போல் திரண்டு வந்த எண்ணெய் ஆறு மாதத்தில் நெகிழ்ந்து தெளிந்தது.

மீன் எண்ணெய் மாத்திரை ஆறு மாதம் விழுங்கியும் எனக்கு மாற்றம் தெரியவில்லை. உலர்ந்த கண்ணுக்கு மீன் எண்ணெய் உதவுமா என்று பார்த்து 2018-இல் வெளிவந்த ட்ரீம் ஆய்விலும் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் போடும் சில மாத்திரைகள் கண்ணை உலர்த்துவதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

இரண்டாம் ஆண்டில், கண்ணின் அழற்சியைத் தணிக்கும் 0.05 சதவீத சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து சேர்க்கப்பட்டது. விட்டவுடன் எரியும். நான்காவது மாதம்வரை பலனே தெரியாது. பலர் இடையில் கைவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதே காலத்தில், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 9.4 சதவீதத்திலிருந்து 7.1-க்கு இறங்கியது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. சர்க்கரை ஏறி இறங்கிய நாட்களில் அவசரப்பட்டு மாற்றிய மூக்குக்கண்ணாடி மட்டும் வீணாயிற்று. கண் வில்லை நீர்கோத்து ஏற்படும் அந்த மங்கல், சர்க்கரை நிலைபெற்றால் தானே மாறும். நாலைந்து முறை இமைத்தால் தெளியும் மங்கல் உலர்வினால் வருவது.

இன்று ஷிர்மர் அளவு 8, 9. சொட்டு மருந்தை உறுத்தலுக்காக அல்லாமல், கைப்பேசியில் அலாரம் வைத்து ஒரு நாளில் ஐந்து முறை விடுகிறேன். விழித்திரைப் பரிசோதனை இதனோடு சேராது. ஆண்டுக்கொருமுறை அது தனியாக நடக்கிறது. கண் சிவந்து பார்வை குறைந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே வர வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. கடந்த குளிர்காலத்தில் அப்படிப் போன ஒருமுறை, வலியே தெரியாத ஒரு கீறல் கார்னியாவில் இருந்தது. ஆற மூன்று வாரம் ஆயிற்று.