3,60,000 ரூபாய் போனது, சமையலறைப் பலகை உப்பிக் கிடக்கிறது: சின்ன ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் செய்யப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு, என் வீட்டு இன்டீரியர் வேலையைக் கொடுத்திருந்த ஆன்லைன் சேவையின் ஆப்பிலிருந்து ஒரு தகவல் வந்தது. "உங்கள் புராஜெக்ட் வெற்றிகரமாக நிறைவடைந்தது. எங்களுக்கு எத்தனை ஸ்டார்?" என் வீட்டில் பரணுக்குக் கதவே வைக்கவில்லை. ஸிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரி உப்பிப்போய் மூட முடியவில்லை. படுக்கையறை அலமாரியைத் திறக்கக் கட்டில் மேல் ஏற வேண்டியிருக்கிறது. இதற்கு நான் கொடுத்தது 3,60,000. ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரர்களுக்கு டிசைனரை அனுப்பி, படம் போட்டுக் காட்டி, வேலையையும் தங்கள் ஆட்களை வைத்தே முடித்துத் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் சேவை. இந்த வகையில் இப்போது நிறைய இருக்கின்றன.

எங்கள் ஃப்ளாட் 420 சதுர அடி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அதை ஒட்டியே சமையலறை. நான், அம்மா, பையன் என மூன்று பேர். பையனின் புத்தகங்கள் மூன்று வருடமாகக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தன. அதற்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினேன்.

டிசைனர் வந்த நாளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அன்றுதான். லேசர் கருவியை வைத்து ஒவ்வொரு சுவரையும் இரண்டு முறை அளந்தார். சமையலறை மூலை நேராக இல்லை, ஒரு பக்கம் விலகுகிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டும் என்று கேட்டேன். "வேண்டாம் மேடம். உங்க கூரை ஒன்பதடிதான். அதுல அரையடி போச்சுன்னா ஹால் இன்னும் சின்னதா தெரியும். அந்தக் காசை கிச்சன்ல போடுங்க" என்றார். அப்புறம் அம்மாவை அடுப்பு முன்னால் நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து ஐந்து அங்குலம் கீழே சுவரில் பென்சிலால் கோடு போட்டார். "மேடை இந்த உயரத்துல வந்தா உங்களுக்கு முதுகு வலிக்காதும்மா." அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

தேடி வந்த வியாபாரத்தையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அன்று மாலையே அட்வான்ஸ் கட்டினேன். அவர் சொன்னது இரண்டுமே சரியான யோசனைதான், இன்றும் மறுக்க மாட்டேன். அந்தச் சரியான யோசனையைக் காட்டித்தான் என்னை மடக்கினார்கள் என்பதை நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

மொத்தம் 4,00,000. பாதி அட்வான்ஸ், நாற்பது சதவீதம் "பொருட்கள் சைட்டுக்கு வந்ததும்", மீதி பத்து சதவீதம் வேலை முடிந்ததும். 45 நாளில் சாவி கையில் என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு வண்டியில் பலகைகள் வந்து ஹாலில் இறங்கின. மாலைக்குள் 1,60,000 கட்டாவிட்டால் வேலையாட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார்கள், கட்டினேன். ஆக, சுவரில் ஒரு ஆணி அடிக்கும் முன்பே 3,60,000 அவர்கள் கைக்குப் போய்விட்டது. வேலை பாக்கி முழுவதும், பணம் பாக்கி வெறும் பத்து சதவீதம். அதன் பிறகு அந்த டிசைனர் ஒரு நாள்கூட வரவில்லை.

சமையலறைக்கு மரைன் ப்ளைவுட் என்று பேசியிருந்தோம். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அது ஏற்றது, அதன் அடுக்குகளை ஒட்டும் பசை கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். சாதாரண கமர்ஷியல் ப்ளைவுட் ஈரக்காற்றைத்தான் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. எங்கள் வீட்டில் போட்டது இரண்டும் இல்லை. மூன்றாவது மாதம் ஸிங்க் குழாய் லேசாகக் கசிந்தது. நான்கே நாளில் அடிப்பலகை அப்பளம் மாதிரி மேலெழும்பி, மேலே ஒட்டிய மைக்கா ஷீட் விளிம்பில் பிரிந்து வந்தது. சரிசெய்ய வந்த பிளம்பர் குழாய்க்கான ஓட்டையைப் பெரிதாக்க அறுத்தார், உள்ளேயிருந்து மரத்தூள் கொட்டியது. "அக்கா, இது ப்ளைவுட்டே இல்ல, பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்துனது. ஒரு தடவை ஊறிட்டா மறுபடி பழைய மாதிரி ஆகாது" என்றார்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் "ப்ளைவுட் அல்லது அதற்கு இணையான பொருள்" என்று இருக்கிறது. மரைன் என்ற சொல் எங்குமே இல்லை. அதை டிசைனர் வாயால்தான் சொன்னார்.

படுக்கையறையிலும் இதே கதை. பத்தடி நீள அறை. இரண்டடி ஆழ அலமாரி, ஆறரை அடிக் கட்டில் போனால் மிஞ்சுவது ஒன்றரை அடி. அதனால்தான் ஸ்லைடிங் கதவு கேட்டேன், வந்ததோ கீல் போட்ட கதவு. ஆனால் அவர்கள் காட்டிய 3டி படத்தில் நடக்க தாராளமாக இடம் இருந்ததே? நேற்று ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். படத்தில் கட்டிலின் நீளம் ஐந்தடி! என் பையனே அதில் காலை நீட்ட முடியாது.

புகார் சொல்லத் தொடங்கியதும், "ஃபேக்டரில மெஷின் ரிப்பேர் மேடம்." "உங்க மேனேஜர் மாறிட்டாங்க, புது மேனேஜர் கூப்பிடுவாங்க." மூன்று மேனேஜர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி, அதே போட்டோக்களை மறுபடி அனுப்பினேன். டிசைனருக்கு எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. ஒரு பெண் மட்டும் மரியாதையாகப் பேசினார்: "தண்ணீர் பட்டதால வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது மேடம்." சமையலறை அலமாரி, தண்ணீர் படாமல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். லைன் கட்டானது. ஐந்து மாதம் இப்படி ஓடி, நேற்று நிறைவடைந்தது என்று அவர்களே மூடிவிட்டார்கள். 3,60,000. பையனின் புத்தகங்கள் இன்னும் அட்டைப்பெட்டியில்தான்.

யோசனை சொல்கிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பொருள் வந்ததும் பணம் என்ற கட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருத்தி முடித்த வேலைக்கு மட்டும் அந்தந்தப் பகுதிக்குப் பணம் கொடுங்கள், கடைசித் தவணை பெரிதாக இருக்கட்டும். பலகையின் வகை, கனம், பிராண்ட் எல்லாம் எழுத்தில் வேண்டும், "இணையான" என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். வந்து இறங்கியதும் அறுத்த விளிம்பைப் பாருங்கள். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட், தூளும் சில்லுமாகத் தெரிந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். படத்தை நம்பாமல் கட்டில், அலமாரி அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி நடந்து பாருங்கள்.

குளியலறையையும் இவர்களிடம் கொடுக்க இருந்தேன், பணம் இல்லாததால் தப்பித்தது. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் டைல் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங் மேல் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுக்க வைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள்.

நாளை காலை பத்து மணிக்கு வக்கீலைப் பார்க்கிறேன். உப்பின பலகையில் ஒரு துண்டை அறுத்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.