பழைய திங்க்பேட் டி480: காசு கொடுக்கும் முன் எஃப்1 அழுத்துங்கள்

சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையத்தில் பழைய லேப்டாப் விற்பவர்களிடமும் சில வருடங்களாக விலைபோய்க்கொண்டே இருக்கும் மிஷின் லெனோவோ திங்க்பேட் டி480. 2018இல் வந்த மாடல். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்து, குத்தகைக் காலம் முடிந்ததும் லாட் லாட்டாகக் கழித்தவைதான் பெரும்பாலும் கடைக்கு வருகின்றன. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி, பார்க்க ஒரு கவர்ச்சியும் கிடையாது. ஆனால் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரால் திறந்து ரேம், டிஸ்க், பேட்டரி, கீபோர்டு, ஃபேன் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். வெளியே கழற்றும் பேட்டரியோடு வந்த கடைசி டி வரிசையும் இதுதான். அடுத்து 2019இல் வந்த டி490இல் அந்தப் பேட்டரியும் போயிற்று, இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்றும் போயிற்று.

மாடலைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கடைக்காரர் உங்கள் முன் வைக்கிற அந்த ஒரு பீஸ் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரிசெய்யக்கூடிய கோளாறு எதுவாக இருந்தாலும் விலையில் கழித்துக்கொள்ளலாம். சரிசெய்ய முடியாதவை சில உண்டு. அவை பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கின்றன.

முதலில் பிராசஸர். பெரும்பாலான டி480களில் இருப்பது ஐ5-8250யூ அல்லது ஐ5-8350யூ. எட்டாம் தலைமுறை, நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் இதே டி480 ஏழாம் தலைமுறை ஐ5-7300யூவோடும் விற்கப்பட்டிருக்கிறது. அதில் இரண்டே கோர். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் 11 இந்த வரிசையில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் ஏழாம் தலைமுறை டி480 என்ன விலைக்குக் கிடைத்தாலும், லினக்ஸ் போடப்போகிறவர் தவிர மற்றவர்கள் தொட வேண்டாம். “கோர் ஐ5 சார்” என்று சொன்னால் போதாது. செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து அந்த நான்கு இலக்க எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது தலைப்பில் சொன்ன எஃப்1. மிஷினை முழுக்க அணைத்து, ஆன் செய்து, லெனோவோ எழுத்து வரும்போது எஃப்1 அழுத்தினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை, திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு அடுத்த பீஸைக் கேளுங்கள். கேட்காமல் உள்ளே விட்டாலும் செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்வேர்டு பிரிவுக்குப் போய் ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்டு’ என்ற வரிக்கு எதிரே ‘டிஸேபிள்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘எனேபிள்டு’ என்றிருந்தால், அது பழைய கம்பெனியின் ஐடி பிரிவு போட்ட பூட்டு. போர்டில் இருக்கும் சிறிய நாணய பேட்டரியை (சிஎம்ஓஎஸ் பேட்டரி) கழற்றி மாட்டினால் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள். திங்க்பேடில் போகாது. அந்தப் பாஸ்வேர்டு தனி சிப்பில் உட்கார்ந்திருக்கிறது, லெனோவோவிடம் கேட்டால் போர்டை மாற்றுவதுதான் வழி என்பார்கள். பாஸ்வேர்டு இருந்தாலும் விண்டோஸ் சாதாரணமாக ஓடும் என்பதால் பலருக்கு இது வாங்கிய அன்று தெரியாது. ஒருநாள் பென்டிரைவிலிருந்து பூட் செய்யவோ ‘செக்யூர் பூட்’ என்ற துவக்கப் பாதுகாப்பு அமைப்பை மாற்றவோ போகும்போதுதான் கதவு பூட்டியிருப்பது தெரியும். அதே செக்யூரிட்டி பக்கத்தில் ‘கம்ப்யூட்ரேஸ்’ என்ற வரியும் இருக்கும். திருட்டுப்போன மிஷினைத் தொலைவிலிருந்து கண்காணிக்க வைத்த ஏற்பாடு அது. ‘டிஸேபிள்டு’ அல்லது ‘பெர்மனென்ட்லி டிஸேபிள்டு’ என்றிருந்தால் கவலையில்லை.

இன்னொரு பூட்டு இணையத்தில் இருக்கிறது. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, வைஃபை இணைக்காமலே உள்ளூர்க் கணக்கு போட்டுக் கொடுத்திருப்பார். நீங்கள் வீட்டில் ரீசெட் செய்து நெட்டை இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனி பெயரோடு “அலுவலக மின்னஞ்சலால் உள்ளே வாருங்கள்” என்று திரை நின்றுவிடும். அந்தக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து மிஷினை நீக்காதவரை இது ஒவ்வொரு ரீசெட்டுக்கும் வரும். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, விண்டோஸ் செட்டப்பை உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையை விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் டி480க்கே உரிய நோய். இடது பக்கம் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட். மின்னல் குறி போட்டது தண்டர்போல்ட் 3 என்ற வேகமான போர்ட். அதன் கன்ட்ரோலரில் முதலில் வந்த ஃபர்ம்வேரில், அதாவது சிப்புக்கு உள்ளேயே இருக்கும் மென்பொருளில், ஒரு பிழை இருந்தது. தேவையில்லாத பதிவுகளைத் தன் சிறிய ஃபிளாஷ் சிப்பில் எழுதிக்கொண்டே போய், கடைசியில் சிப்பே நிரம்பிக் கெட்டுவிடும். லெனோவோவே இதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கில் மிஷின் வைத்திருந்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அதைப் போட்டிருக்கும் என்று நம்ப முடியாது. சிப் கெட்டுப்போனால் அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சி போர்ட்டில் மாட்டிய மானிட்டரோ டாக்கோ (கூடுதல் போர்ட்டுகள் தரும் பெட்டி) தெரியாது. எச்டிஎம்ஐயில் படம் வராது. சார்ஜர் மாட்டியும் ஏறாது. சிலவற்றில் ஆன் செய்யும்போதே தண்டர்போல்ட் பிழைச் செய்தி வந்து நிற்கும். எச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை என்றதும் கேபிளைச் சந்தேகித்து இரண்டு மூன்று கேபிள் வாங்கியவர்கள் உண்டு. பாவம், நோய் வேறு இடத்தில்.

கடையில் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சார்ஜரை இரண்டு சி போர்ட்டிலும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மூடியில் ‘திங்க்பேட்’ எழுத்தின் ஐ மேலிருக்கும் சிவப்புப் புள்ளி மூன்று தடவை மினுக்கிக் காட்டும். அதற்குப் பிறகு பிளக்கை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். சார்ஜ் குறி விட்டுவிட்டு வந்தால் போர்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். இந்தப் போர்ட்டுகள் தனிப் பலகையில் இல்லை, மதர்போர்டிலேயே சால்டர் செய்தவை. மாற்றுவது மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் சிப் லெவல் ஆளின் வேலை. எச்டிஎம்ஐயில் கடையிலிருக்கும் ஏதாவது ஒரு மானிட்டரையும் மாட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து மிஷின் உங்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை: லெனோவோ தளத்தில் டி480 பக்கத்திலிருந்து தண்டர்போல்ட் டிரைவரை ஏற்றி, அதற்குப் பிறகு தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். சார்ஜர் மாட்டியபடி, இடையில் கைவைக்காமல். பதிப்பு எண் 20 அல்லது அதற்கு மேல் என்று காட்டினால் அந்த நோய்க்கு இனி வழியில்லை. ஏற்கெனவே கெட்டிருந்தால் சிப்பை வெளியிலிருந்து ‘புரோகிராமர்’ என்ற கருவியை வைத்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். அது தெரிந்த சர்வீஸ் ஆள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

இந்த மூன்றும் தாண்டிவிட்டால் மீதியெல்லாம் பேரம்தான். பேட்டரியிலிருந்து தொடங்கலாம். உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. வெளியே மாட்டுவது மூன்று அளவில் வரும்: 24, 48, 72. உள் பேட்டரி மிஷினை உயிரோடு வைத்திருப்பதால் வெளிப் பேட்டரியை ஓடும்போதே கழற்றி வேறொன்றை மாட்டலாம். பவர் கட்டாகும் ஊரில் இதன் அருமை தெரியும். நிர்வாகி கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று (powercfg /batteryreport) கொடுத்தால் ஒரு பக்கம் உருவாகும். அதில் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக, செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் இருக்கும். 24,000 மில்லிவாட்-அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 14,000 என்று காட்டினால் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் மிச்சம். பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓடினால் இந்த மிஷின் சுமார் 8 வாட் இழுக்கும். 24+24 புதிதாக இருந்தால் ஆறு மணி நேரம், அறுபது சதவீதத்தில் மூன்றரை மணி நேரம். கடைக்காரர் “பேக்கப் நல்லா இருக்கு” என்று சொல்வதைவிட இந்தக் கணக்கு நேர்மையானது. வெளிப் பேட்டரிதான் முதலில் தீரும், அதனால் அது சீக்கிரம் தேய்ந்திருப்பது இயல்பு. 72 பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும், மேசையில் வைத்தால் கீபோர்டு சாய்வாகிறது. சிலருக்கு அதுவே பிடிக்கும். எந்நேரமும் சார்ஜரில் வைத்து வேலை செய்கிறவர் லெனோவோ வான்டேஜ் ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவைப்பது நல்லது.

சார்ஜர் 65 வாட், 20 வோல்ட். 45 வாட் சி சார்ஜரும் போதும், மெதுவாக ஏறும். 20 வோல்ட் தராத போன் சார்ஜரை நம்ப வேண்டாம், எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும்.

டிஸ்ப்ளே இந்த மிஷினின் பலவீனம். 1366×768 டிஎன் பேனல் (மலிவு வகைத் திரை) மாட்டியதும் சந்தையில் நிறைய சுற்றுகிறது. திரையைப் பின்னால் சாய்த்தால் நிறம் தலைகீழாகும், கறுப்பு வெளுக்கும். 1920×1080 ஐபிஎஸ் (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் 250 நிட் வெளிச்சம்தான், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். படம் திருத்துகிறவர்களுக்கு இதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது. பேனலை மட்டும் பிறகு மாற்றலாம். தொடுதிரை இல்லாத ஃபுல் எச்டி மாடலுக்கு 14 அங்குலம், 30 பின் இடிபி (திரைக் கேபிளின் இணைப்பு வகை) என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

உள்ளே போவது எளிது. முதலில் பயாஸில் கான்ஃபிக், பவர் பிரிவில் ‘டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், மிஷின் தானாக அணையும். இதைச் செய்யாமல் திறந்தால் உள் பேட்டரியின் மின்சாரம் போர்டில் இருந்துகொண்டே இருக்கும், ஸ்க்ரூட்ரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும். வெளிப் பேட்டரியைக் கழற்றி, அடிமூடியின் ஆறு ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். அவை மூடியிலேயே நிற்கும், தொலையாது. ஓரத்து பிளாஸ்டிக் கொக்கிகளை விரல் நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இழுத்துப் பிய்த்தால் கொக்கி உடையும். முன்பே யாரோ பிய்த்த மிஷின் என்றால் மூடி ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரியும்.

8 ஜிபி ஒரே ரேம் குச்சியாகவும் இரண்டாவது ஸ்லாட் காலியாகவும்தான் பெரும்பாலும் வரும். அதே 8 ஜிபி டிடிஆர்4 இன்னொன்று போட்டால் விண்டோஸ் 11 மூச்சு விடும், இரண்டு குச்சியும் சேர்ந்து வேலை செய்வதால் (டூயல் சேனல்) உள் கிராஃபிக்ஸும் கொஞ்சம் வேகம் எடுக்கும். 2666, 3200 என்று எழுதிய குச்சியும் வேலை செய்யும், 2400இல் ஓடும். முறையான உச்சம் 32 ஜிபி, ஆனால் 64உம் ஏற்றுக்கொள்கிறது. டிஸ்க் இடம் 2.5 அங்குல சாட்டா என்ற பழைய வகை இணைப்பு. அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட அடாப்டரை அதற்குரிய கேபிளோடு சேர்த்து வாங்க வேண்டும். தரவு போகும் பாதை (லேன்) இரண்டுதான் என்பதால் விலை உயர்ந்த எஸ்எஸ்டி இங்கே வீண்.

ஏழெட்டு வருட மிஷினில் பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகியிருக்கும். பிரவுசர் திறந்தாலே ஃபேன் இரைந்தால் அதுதான் காரணம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பழையதைத் துடைத்து, அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஆன் செய்யும்போது ‘ஃபேன் எரர்’ என்று காட்டி அணைந்தால் பேஸ்டால் தீராது, ஃபேனையே மாற்ற வேண்டும். 0271 என்ற எண்ணோடு தேதி சரியில்லை என்று வந்தால் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. வயரோடு வரும் சிஆர்2032 அது.

நேற்றுவரை ஓடியது இன்று எந்த விளக்கும் எரியாமல் கிடந்தால் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சார்ஜரை உருவி, வெளிப் பேட்டரியையும் கழற்றி, அடியில் இருக்கும் ஊசித் துளையில் சிம் ஊசியால் அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். உயிர் வந்தால் சர்வீஸ் செலவு மிச்சம்.

கீபோர்டு பற்றிப் புகழ்ந்து எழுத ஆசைதான், இடம் போதாது. நீண்ட நேரம் தட்டச்சு செய்கிறவர்கள் இதற்காக மட்டுமே வாங்கலாம். ஸ்பீக்கர் அடியில், சத்தம் மேசைக்குத்தான் போகும். 720பி கேமரா இருட்டில் மணல் கொட்டும். இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் இருப்பது முதல் வாரம் எரிச்சல் தரும். பயாஸில் கான்ஃபிக், கீபோர்டு பிரிவில் இரண்டையும் இடம் மாற்ற ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, பில் போடும்போது மாடல் எண்ணைப் படியுங்கள். டி480எஸ் என்பது வேறு மிஷின். ஒல்லியாக இருக்கும், ஆனால் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, வெளிப் பேட்டரியும் கிடையாது.