ஹைலேண்ட் லீக்கில் ஒரு முழு சீசன்: காசுக்கும் குளிருக்கும் தகுமா?

18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம், மொத்தம் 306. ஜூலைக் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஓடும் ஹைலேண்ட் லீக் சீசனின் கணக்கு இது. ஸ்காட்லாந்துக் கால்பந்தில் ஐந்தாவது அடுக்கு. 1893-ல் தொடங்கிய லீக். ஆடுகிறவர்கள் பகுதிநேரக்காரர்கள். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணிக்கு மேட்ச். டிக்கெட் காசுக்கு இங்கே கிடைக்கிற நெருக்கம் பெரிய லீக்குகளில் எந்த விலைக்கும் கிடைக்காது. கம்பியில் கை ஊன்றி நின்றால் லைன்ஸ்மேன் கண்ணெதிரிலேயே ஓடுவார். கோல்கீப்பர் தன் டிஃபெண்டரைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். ஆனால் தேதியும் ஊரும் பார்க்காமல் கிளம்பினால், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களே மிஞ்சும். அதனால் இந்த விமர்சனத்தில் ஆட்டத்தின் தரத்தைவிட, எப்போது எங்கே போவது என்பதற்கே அதிக இடம்.

முதலில் ரயில். அபர்டீன்–இன்வர்னெஸ் பாதை ஒன்றே இந்த லீக்கின் நல்ல பங்கை இணைத்துவிடுகிறது: இன்வரூரி, ஹண்ட்லி, கீத், ஃபாரஸ், நெய்ர்ன், கடைசியில் இன்வர்னெஸ் நகரின் கிளாக்னகுடின் கிளப். நெய்ர்ன் கவுண்டியின் மைதானத்துக்கு ஸ்டேஷன் பார்க் என்று பெயர். பெயருக்கேற்ப ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கிளாக்னகுடினின் கிராண்ட் ஸ்ட்ரீட் பார்க்குக்கு இன்வர்னெஸ் நிலையத்திலிருந்து நெஸ் ஆற்றைக் கடந்து நடந்தே போகலாம். இந்தப் பாதையில் பெரும்பகுதி ஒற்றைத் தடம். ஒரு வண்டி தாமதமானால் எதிரே வருவதும் தாமதமாகும். மூன்று மணி மேட்ச்சுக்கு இரண்டரைக்குச் சேரும் வண்டியை நம்பாமல், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.

பக்கி, ஃப்ரேசர்பரோ, பான்ஃப், டரிஃப், லாஸிமவுத், ரோதஸ் ஆகிய ஊர்களுக்கு இப்போது ரயில் இல்லை. பேருந்து உண்டு, ஆனால் மாலை ஆக ஆக இடைவெளி கூடும். மிட்வீக் மேட்ச்சுக்கு இந்த ஊர்களுக்குப் போவதானால் கார் வேண்டும், அல்லது அங்கேயே தங்க வேண்டும். வடக்குக் கோடியில் இருக்கும் விக் தனி ரகம். இன்வர்னெஸிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமை மேட்ச் முடிந்து திரும்பலாம் என்றால் கடைசி வண்டி அதற்குள் போயிருக்கும். விக் அகாடமி ஆட்டக்காரர்களின் பாட்டை யோசித்துப் பாருங்கள்: தெற்குக் கோடியில் உள்ள பிரெக்கினில் அவே ஆட்டம் என்றால் ஒரு வழிக்கே 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. திங்கள் காலை எல்லாரும் வேலைக்கும் போக வேண்டும். அந்த அணி முதல் இருபது நிமிடம் கால் இழுத்தபடி ஆடினால், அதைக் குறையாகச் சொல்ல மனம் வராது.

இந்த சீசனின் உண்மையான பலவீனம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இன்வர்னெஸ் இருப்பது 57 டிகிரிக்கும் வடக்கே. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி அளவுக்குத்தான் எழும்புகிறது. மூன்றரை மணி வாக்கில் மறைந்துவிடும். தெற்குப் பக்கம் ஸ்டாண்டோ மரங்களோ இருந்தால் அவற்றின் நிழல் நாள் முழுக்கப் புல்மேல் கிடக்கும். மற்ற இடமெல்லாம் இளகினாலும் நிழல் விழுந்த அந்தப் பட்டை மட்டும் கல் மாதிரி இறுகியிருக்கும். ரெஃப்ரி பூட்ஸ் ஆணியை ஊன்றிப் பார்ப்பதும், பந்தைக் கைவிட்டு எழும்புகிறதா என்று பார்ப்பதும் அங்கேதான். ஆணி இறங்கவில்லையென்றால் மேட்ச் தள்ளிப்போகும். மழைக்காலத்தில் இதே சோதனை கோல்மவுத்திலும் கார்னரிலும் நடக்கும். பந்து உருளாமல் தண்ணீரில் நின்றுவிட்டால் அதோடு சரி.

மைதானச் சோதனை வழக்கமாகக் காலையிலேயே முடிந்துவிடும். விருந்தினர் அணி தூரத்திலிருந்து வருவதானால் முந்தைய நாளே நடப்பதும் உண்டு. முடிவை ஹோம் கிளப்பின் சமூக வலைப்பக்கத்தில் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள். ஒரே ரயில் பாதையில் இரண்டாவது மேட்ச் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அபர்டீனில் பேங்க்ஸ் ஓ' டீயின் ஸ்பெயின் பார்க் செயற்கைப் புல். உறைபனி நாட்களில் அதற்கு முதல் சலுகை தரலாம். தள்ளிப்போன ஆட்டமெல்லாம் மார்ச், ஏப்ரலில் செவ்வாய், புதன் இரவுகளில் வந்து குவியும். பட்டியலில் மேலே இருக்கும் அணிக்கு அது வாரத்துக்கு மூன்று மேட்ச்சாகக்கூட ஆகிவிடுகிறது. சாம்பியன் பட்டம் பல சமயம் கால்களின் களைப்பில்தான் முடிவாகிறது.

கடலோர மைதானங்களில் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மேட்ச் இன்னொரு மேட்ச்சாகத் தெரியும். ஃப்ரேசர்பரோவின் பெல்ஸ்லீ, விக்கின் ஹார்ம்ஸ்வொர்த் பார்க் போன்ற இடங்களில் கோல்கிக் நடுக்கோட்டைத் தொடுமுன் காற்று அதைத் தூக்கித் திருப்பி அடிக்கும். டாஸ் ஜெயித்த கேப்டன் எந்தப் பக்கத்தை எடுக்கிறார் என்று பாருங்கள். காற்றை முதுகில் வைத்து ஆடும் அணி இடைவேளைக்குள் இரண்டு கோலாவது போட்டிருக்க வேண்டும். 1-0 என்றால் முன்னிலையில் இருப்பவருக்குத்தான் கவலை. ரசிகர்களுக்குள் பிரிவினைக் கம்பி கிடையாது. தம் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் போய் நிற்க, இடைவேளையில் இரு தரப்பும் இடம் மாற்றிக்கொள்வார்கள்.

கடைக்கு அப்போது போகாதீர்கள். 40-வது நிமிடத்தில் நகர்ந்துவிடுங்கள். இடைவேளை விசில் அடித்த பிறகு வரிசை நீளும், பை (pie) தீர்ந்துபோவதும் உண்டு. ஸ்காட்ச் பை உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். ஓட்டின் விளிம்பு மூடியைவிட உயர்ந்து நிற்கும், உள்ளே மிளகு தூக்கலாகப் போட்ட அரைத்த ஆட்டுக்கறி. நடுவில் கடித்தால் கொதிக்கும் கொழுப்பு தாடையில் வழியும். விளிம்பில் சின்னதாகக் கடித்து ஆவி போகவிட்டுச் சாப்பிட வேண்டும். கூடவே போவ்ரில், மாட்டிறைச்சிச் சாறு கலந்த சூடான பானம். கறி சாப்பிடாதவர்கள் மக்ரோனி பை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டிலும் கடையிலும் பத்துப் பவுண்டு நோட்டும் சில்லறையும் இருந்தால் கார்டு இயந்திரத்தை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஆட்டத்தின் தரம் சீரானதல்ல. மேலே நான்கைந்து அணிகள் பந்தைத் தரையில் வைத்து ஆடும். அடியில் இருப்பவை தாங்கிப் பிடிக்கவே போராடும். 2018-19-ல் ஃபோர்ட் வில்லியம் 34 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்காமல் 245 கோல் வாங்கியது. வீரர் பதிவுச் சிக்கலால் ஒன்பது புள்ளி வெட்டுப்பட்டு, மைனஸ் ஏழில் முடித்தது. மறு முனையில், 2021 மார்ச்சில் ஸ்காட்டிஷ் கோப்பையில் ப்ரோரா ரேஞ்சர்ஸ், அந்த ஆண்டு இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் பட்டம் வென்ற ஹார்ட்ஸை 2-1 என்று வெளியேற்றியது. இரண்டும் ஒரே லீக்.

எனக்கு இந்த லீக்கின்மேல் தீராத வருத்தம் ஒன்று உண்டு, அது ஏப்ரலுக்குப் பிறகு வருவது. சாம்பியன் ஆனதும் மேலே போய்விட முடியாது. 2025-ல் இருந்த முறைப்படி, தெற்குப் பகுதியின் ஐந்தாம் அடுக்கான லோலேண்ட் லீக் சாம்பியனோடு இரண்டு ஆட்டம். அதில் ஜெயித்தால் நான்காம் அடுக்கான லீக் டூவில் கடைசியாக வந்த அணியோடு இன்னும் இரண்டு. இதற்கெல்லாம் முன்பே ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் (எஸ்.எஃப்.ஏ.) லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். 2024-ல் பக்கி திஸில் பட்டம் வென்றும் லைசென்ஸ் இல்லாததால் பிளேஆஃப் ஆடவே முடியவில்லை. லோலேண்ட் சாம்பியன் ஈஸ்ட் கில்பிரைட், லீக் டூவில் கடைசியாக வந்த ஸ்ட்ரான்ரேரை நேராகச் சந்தித்தது. இந்த ஏற்பாடு வந்த 2014-15 சீசனிலிருந்து 2025 வரை ஹைலேண்டிலிருந்து ஏறியது கோவ் ரேஞ்சர்ஸ் மட்டும்தான், 2019-ல். லோலேண்டிலிருந்து ஐந்து அணிகள். 34 ஆட்டம் உழைத்த அணியின் கதவை நான்கு ஆட்டத்துக்குப் பின்னால் வைப்பது நியாயமில்லை.

சீசன் டிக்கெட் ஒரே ஊரில் குடியிருப்பவர்களுக்கு லாபம். ஊர் ஊராகப் பார்க்க விரும்புகிறவர்கள் கேட்டிலேயே காசு கொடுத்துப் போகலாம். லீக் ஆட்டங்களுக்கு முன்பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. ஆகஸ்ட், செப்டம்பரில் கடலோரம் முழுவதையும், விக்கையும் சேர்த்து, முடித்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ரயில் பாதை ஊர்கள். ஏப்ரல் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் காலியாக விட்டுவையுங்கள். யார் பட்டம் அடிக்கிறார்கள் என்பது அந்த இரவுகளில்தான் தெரியவரும்.