வீட்டு சிசிடிவி: ஆப்பில் உரிமையாளர் யார் என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். "ஏய்யா, அந்தக் கேமராக்காரப் பையன் இப்போ எங்க இருந்து பேசுதான்?" என்று கேட்டார். குரலே சரியில்லை.

எங்கள் வீட்டில் கேமரா மாட்டிய கடைக்காரர், ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தப் பணம் மூவாயிரம் ரூபாய் கேட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். நான் ஊரில் இல்லாத நேரத்தில் யாரையும் உள்ளே விட அம்மாவுக்கு மனமில்லை. "நான் ஊர்ல இல்லப்பா, மக வீட்டுக்கு வந்திருக்கேன், அடுத்த வாரம் வா" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், "என்னம்மா, ஹால்ல டிவி முன்னாடி உக்காந்துதான பூ கட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அம்மா பூவை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறி, கேமராவைத் துண்டால் மூடிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். 68 வயது, முழங்கால் வலி வேறு. அந்தத் துண்டு ஒரு வாரம் அப்படியே தொங்கியது. எடுக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

தென்காசி பக்கம் எங்கள் ஊர். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார், நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அவர் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன்பு வாசல், பக்கச் சந்து, பின்கட்டு, ஹால் என்று நான்கு கேமரா போட்டேன். டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி), 1 டிபி ஹார்ட் டிஸ்க், வயர், கூலி எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் கூட வரும் சார்" என்று சொல்லி, எஸ்டிமேட் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டு பின்னால் என்னை எவ்வளவு அலைய வைத்தது என்று சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் என் போனை வாங்கி ஆப்பைப் போட்டு, அவர் போனிலிருந்து எதையோ அனுப்பி, "பாருங்க சார், நாலும் தெரியுது" என்று கொடுத்தார். தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. டிவிஆர் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "அதை நான் பாத்துக்கறேன் சார், நீங்க மாத்தினா ஏஎம்சி செல்லாது" என்றார். வெளியூரிலிருந்து பார்க்க ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, கட்டாயம் வேண்டும் என்று சொல்லி, இன்டர்நெட்காரரிடம் வருடத்துக்கு 2,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட வைத்தார்.

அம்மா போன் செய்த அந்த வார வெள்ளிக்கிழமை பொதிகையில் ஏறி ஊருக்குப் போனேன். சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

முதலில் ஆப். என் கணக்கில் டிவிஆர் 'பகிரப்பட்ட சாதனம்' என்று இருந்தது. அதாவது அந்த டிவிஆரின் உரிமையாளர் நான் இல்லை. மாட்டிய அன்று கடைக்காரர் அதன் அடிப்பகுதியில் இருக்கும் க்யூஆர் கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்து, தன் கணக்கில் சேர்த்துவிட்டு, எனக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறார். 21,500 ரூபாய் கொடுத்த நான் அங்கே விருந்தாளி. வேறு யார் யாருக்கெல்லாம் பகிர்ந்திருக்கிறார் என்பதை உரிமையாளர் கணக்கில்தான் பார்க்க முடியும். ஆகவே அது இன்று வரை எனக்குத் தெரியாது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அடுத்து ரௌட்டர். பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போனால், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு வழி திறந்துவிடும் அமைப்பு) பக்கத்தில் மூன்று வரிகள்: 80, 554, 8000. மூன்றும் டிவிஆரை நோக்கித் திறந்திருந்தன. 554 என்பது கேமரா வீடியோ ஓடும் வழி. அதை ரௌட்டரில் திறந்துவிட்டால், உலகத்தில் எங்கிருந்தும் யாரும் வந்து பாஸ்வேர்டை முயன்று பார்க்கலாம். வீட்டுக்குள் இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் போட்டுத் தரும் ஷோடான் போன்ற தேடுபொறிகளே இருக்கின்றன. பாஸ்வேர்டு என்னவோ கடைப் பெயரும் 123-உம்தான். மூன்றாவது முயற்சியில் எனக்கே சிக்கிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஸ்டாட்டிக் ஐபியே தேவையில்லை. நம் ஊர் பிராட்பேண்டில் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அதனால் சாதாரண இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது, வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வரவும் முடியாது. இப்போது வரும் ஆப்கள் கம்பெனி சர்வர் வழியாகத் தாமாகவே இணைந்துகொள்ளும். அப்படி இயல்பாக இருந்த ஒரு மறைப்பைக் காசு கொடுத்து விலக்கியிருக்கிறேன்.

டிவிஆரில் 'லாக்' என்று ஒரு பக்கம் இருக்கும். யார், எந்தத் தேதியில், எந்த ஐபியிலிருந்து உள்ளே வந்தார்கள் என்று அதில் பதிவாகும். கடைசி இரண்டு மாதத்தில் அட்மின் பெயரில் நாற்பது தடவைக்கு மேல் நுழைந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிற்பகலில். எதையும் மாற்றுவதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். கோபத்தில் ரீசெட் அழுத்திவிட்டால் அமைப்புகளோடு சேர்ந்து சாட்சியும் போய்விடலாம்.

அப்புறம் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவே இல்லை. "எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் சார் போடுறோம். ரிப்பேர்னா கடையிலிருந்தே பாத்துடலாம்ல" என்றார். தப்பு செய்த ஒருவரின் குரல் இல்லை அது. என் கணக்குக்கு மாற்றித் தரச் சொன்னதற்கு, ஏஎம்சி பாக்கியோடு 'ஐடி மாத்தற சார்ஜ்' 1,500 ரூபாய் கேட்டார்.

கொடுக்கவில்லை. கேமரா கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். பழைய கணக்கிலிருந்து சாதனத்தைப் பிரித்து விடுவார்கள், ஆனால் அதற்கு என் பெயரில் பில் வேண்டும். என்னிடம் இருந்ததோ எஸ்டிமேட் சீட்டு. சீட்டு, ஜிபேயில் பணம் போன விவரம், டிவிஆர் அடியில் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கரின் படம், என் ஆதார் முகவரி எல்லாவற்றையும் சேர்த்து நான்கு முறை மெயில் அனுப்பி, பன்னிரண்டாவது நாள்தான் பிரித்துக் கொடுத்தார்கள். கேமரா வாங்கும்போது 18 சதவீதத்துக்குப் பார்க்காதீர்கள். சீரியல் எண்ணோடு கூடிய பில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி உங்களுடையது என்று நிரூபிக்கவே திண்டாட வேண்டியிருக்கும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் டிவிஆரிலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கி வைத்தேன். நெட் இல்லாவிட்டாலும் ஹார்ட் டிஸ்கில் பதிவு நடந்துகொண்டே இருக்கும், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். உங்களுக்குச் சந்தேகம் வந்த நிமிடமே இதைச் செய்யலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக்கூட போனில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் குஜராத்தின் ராஜ்கோட் நகரை நினைத்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் சிசிடிவி காட்சிகள் யூடியூபுக்கும் டெலிகிராமுக்கும் போய், விலைக்கு விற்கப்பட்டன. 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் கேமராக்களையும் டிவிஆர்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதன் கையில் இருந்தது தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சம் மட்டுமே. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-இல் விதி கொண்டுவந்தது நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியைப் பிரித்து மாட்டுகிறவர் வைக்கும் பாஸ்வேர்டை எந்தச் சோதனைக்கூடமும் பார்க்கப் போவதில்லை.

ஆகவே நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆப்பைத் திறந்து, சாதனம் உங்கள் கணக்கில் சொந்தமாக இருக்கிறதா, பகிரப்பட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாக இருந்தால் பகிர்வுப் பட்டியலில் தெரியாத எண் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். டிவிஆரில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். 'யூசர்' பக்கத்தில் வேறு பெயரில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் 'சர்வீஸ்' என்ற பெயரில் ஒன்று இருந்தது. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் வரிகளை அழித்து, யூபிஎன்பியையும் (கருவிகள் தாமே ரௌட்டரில் வழி திறக்க விடும் வசதி) அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் டிவிஆர் தானாகவே மறுபடி கதவைத் திறந்துகொள்ளலாம். ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் துளையை மட்டும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். ஃபைபர் இணைப்பின் யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து நெட்டே நின்றுபோகலாம். அந்த விவரங்களை இன்டர்நெட்காரரிடம் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள். வைஃபை கேமராவாக இருந்தால் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபை) போடுவது நல்லது, வங்கி வேலை செய்யும் லேப்டாப் இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டியதில்லை.

புது கேமரா போடுகிறவர்கள், க்யூஆர் கோடை உங்கள் போனில், உங்கள் கையால் ஸ்கேன் செய்யுங்கள். "நானே பண்ணித் தரேன் சார்" என்று போனைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் லாக் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவு 43, 66 இதற்குத்தான் இருக்கின்றன. அனுமதியில்லாமல் அடுத்தவர் கருவிக்குள் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பில் கொடுக்காததற்கும் தேவையில்லாததை விற்றதற்கும் நுகர்வோர் உதவி எண் 1915-இல் தனியாகப் பதிவு செய்திருக்கிறேன். ஸ்டேஷனில் ஒரு முறை கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். விசாரணை நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் தெருவில் அவர் மாட்டிய இன்னும் ஐந்து வீடுகளுக்கு நானே போனேன். அவர்களை வைத்துக்கொண்டே பார்த்தோம். ஐந்திலும் அதே பாஸ்வேர்டு. ஒரு வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் பிள்ளை உட்கார்ந்து படிக்கும் திண்ணையைப் பார்த்து ஒரு கேமரா இருந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா எதுவும் பேசவில்லை, எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.

எங்கள் ஹால் கேமராவைக் கழற்றி, துளையை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிட்டேன். மற்ற மூன்றும் வெளியே பார்த்தபடி இருக்கின்றன. சாதனத்தைப் பிரித்துத் தரச் சொல்லிக் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதம் வேண்டுமென்றால் கேளுங்கள், உங்கள் சீரியல் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி அனுப்பித் தருகிறேன்.